சுவாம்ப் ராபிட் பாதை

சுவாம்ப் ராபிட் பாதை அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள கிரீன்வில் நகரின் ஊடாகச் செல்லும் நடை, மிதிவண்டித் தடம். பழைய ரயில் பாதையொன்றின் மீது அமைந்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நகரில் ஏறக்குறைய 70,000 பேர் வாழ்கின்றனர்.

ரீடி ஆற்றங்கரைச் சதுப்பு நிலங்களை ஒட்டி ஓடிய கிரீன்வில் அண்ட் நார்தர்ன் ரயிலை உள்ளூர் மக்கள் சுவாம்ப் ராபிட், அதாவது சதுப்பு முயல், என்று செல்லமாக அழைத்தனர். ரயில் நின்றுபோனாலும் அப்பெயர் பாதைக்கு நிலைத்துவிட்டது.

பஞ்சாலைகளால் வளர்ந்த கிரீன்வில்லில், இப்பாதை ரீடி ஆற்றின் அருவியருகே செல்கிறது. அந்த அருவியை நான்கு தட கேம்பர்டவுன் சாலைப்பாலம் பல்லாண்டுகள் மறைத்திருந்தது. 2002இல் அது இடிக்கப்பட்டது. 2004இல் அங்கே ஃபால்ஸ் பூங்காவும், சுமார் 108 மீட்டர் நீளமுள்ள லிபர்ட்டி நடைபாலமும் திறக்கப்பட்டன. வளைந்து செல்லும் இப்பாலத்தை ஒரு பக்கத்துக் கம்பிவடம் மட்டுமே தாங்குகிறது. வடத்தைத் தாங்கும் இரு கோபுரங்களும் வெளிப்புறமாகச் சாய்ந்து நிற்கின்றன. அருவிப் பக்கம் வடமே இல்லாததால், பாலத்தில் நிற்பவர் தண்ணீர் பாறையில் மோதிச் சிதறுவதைத் தடையின்றிக் காணலாம்.

வடக்கே ஃபர்மன் பல்கலைக்கழகத்தைக் கடந்து டிராவலர்ஸ் ரெஸ்ட் என்னும் சிற்றூரை இப்பாதை அடைகிறது. மிதிவண்டியில் வருவோரை நம்பி அங்கே உணவகங்களும் வாடகை மிதிவண்டிக் கடைகளும் பெருகியுள்ளன. ரயில் தடம் என்பதால் ஏற்ற இறக்கம் குறைவு; சிறுவர்களும் முதியவர்களும் எளிதில் செல்ல முடிகிறது.