கேம்பிரிட்ஜ் சீனியர் முதல் ஐ.ஈ.எல்.ரி.எஸ். வரை

மலர்க்குழுவினர் எங்களிடம் முதலில் கேட்டது நீரிழிவு பற்றிய கட்டுரை. வைத்தியர் என்றால் அதைத்தானே கேட்பார்கள். ஆனால், சில வருடங்களாக எங்கள் பாடசாலைத் தங்கைமார் கிளினிக்கிலும் கோயில் திருவிழாவிலும் அக்கரைப்பற்று பஸ் நிலையத்திலும் எங்களை மறித்துக் கேட்பது வேறொன்று. "அக்கா, ஐ.ஈ.எல்.ரி.எஸ். ரீடிங்குக்கு என்ன படிச்சீங்க? பாடமாக்கச் சொல் லிஸ்ட் ஏதும் இருக்கா?" தாதியராக வேலை பார்ப்பவளும் கேட்கிறாள், கணக்கியல் முடித்தவளும் கேட்கிறாள், கலியாணம் முடித்து லண்டன் போகக் காத்திருப்பவளும் கேட்கிறாள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியும் என்று ஒரு பரீட்சைக்கு நிரூபிக்க வேண்டிய தேவை எங்கள் கரைக்குப் புதியதல்ல. ஆகவே நீரிழிவை ஒரு பக்கம் வைத்துவிட்டு அந்தக் கதையை எழுதுகிறோம். நாங்கள் என்பது 1990களின் இறுதியில் உயர்தர உயிரியல் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்த மூவர். எழுதும் கை ஒன்று, நினைவு மூவருடையது.

கிழக்குக் கரைக்கு ஆங்கிலப் பள்ளி வந்தது 1814இல். மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் அந்த வருடம் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிகளைத் தொடங்கினார். ஒரு வருடம் நிறையுமுன்னரே இறந்தும்போனார். அவர் தொடங்கிய வேலை நின்றுவிடவில்லை. 1833இல் கோல்புறூக் குழுவின் சிபாரிசுகள் ஆங்கிலத்தை அரசாங்க உத்தியோகத்தின் மொழியாக்கிய பிறகு, ஆங்கிலம் படிப்பது என்றால் உத்தியோகத்துக்குப் படிப்பது என்றாகியது. 1880 முதல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கையில் நடந்தன. எழுதிய விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்த் திருத்தப்பட்டன. 'சீனியர் பாஸ்' என்ற இரண்டு சொற்கள் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றிய காலம் அது. ஆனால் அந்தப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்த ஆங்கிலப் பாடசாலைகளில் கட்டணம் கட்ட வேண்டும். கிராமத்துத் தமிழ்ப் பாடசாலையில் கட்டணமில்லை, ஆங்கிலமும் இல்லை. ஆண்பிள்ளையைப் பட்டினத்துக்கு அனுப்பிய வீட்டிலேயே பெண்பிள்ளை தமிழ்ப் பாடசாலையோடு நின்றாள். எங்கள் பாடசாலை பிறந்த காலத்தின் நிலைமை இதுதான் என்பதை இளையவர்கள் அறிந்திருப்பது நல்லது.

அந்தக் கேம்பிரிட்ஜ் வாசலால் போனவர்களில் ஒருவர் எமக்குப் பக்கத்து ஊரவர். 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்து, கேம்பிரிட்ஜ் சீனியரில் தேறி, பின்னர் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றவர். துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தரானார். அவரைப் பற்றி ஆயிரம் மலர்களில் எழுதியாகிவிட்டது. நாங்கள் சொல்ல வருவது ஒரு சிறு விடயந்தான். பரீட்சை முடிந்ததும் அவர் ஆங்கிலப் புத்தகத்தை மூடவில்லை. சேக்‌ஷ்பியரின் நாடகங்களை ஊன்றி வாசித்து, 1926இல் 'மதங்கசூளாமணி' என்ற நாடக இலக்கண நூலைத் தமிழில் தந்தார். இமயமலைப் பக்கம் இருந்துகொண்டு 'பிரபுத்த பாரத' என்ற ஆங்கில இதழை நடத்தினார். விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிப்பதற்காகச் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சிக்கும் தலைமை தாங்கினார். ஆங்கிலத்தில் வாசித்தது அவர் கையில் தமிழாகத் திரும்பி வந்தது. இதை எங்கள் ஆங்கிலப் பாடவேளையில் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. விபுலாநந்தர் தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் உரியவர் என்றே எண்ணியிருந்தோம்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. அதனோடு தாய்மொழி மூலக் கல்வியும் கீழ்வகுப்புகளில் தொடங்கிப் படிப்படியாக மேலேறியது. அந்த இரண்டும் இல்லாவிட்டால் வயற்காரர் வீட்டுப் பிள்ளைகளான நாங்கள் வைத்தியராவது எங்கே! ஆகவே அதைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. குறை வேறிடத்தில் இருந்தது. ஆங்கிலம் எல்லாப் பிள்ளைக்கும் இரண்டாம் மொழியாகக் கிடைத்தது, ஆனால் வாசிக்கப் புத்தகம் கிடைக்கவில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு ஆங்கிலப் புள்ளி கணக்கில் சேராது. கணக்கில் சேராத பாடத்துக்கு, அதுவும் யுத்த காலத்தில், குப்பி விளக்கு எரித்து எந்தத் தாய் பிள்ளையைப் படிக்க விடுவாள்? எங்கள் மூவரிடமும் சேர்த்து இருந்த ஆங்கிலச் சொத்து, அட்டை கழன்ற லிப்கோ அகராதி ஒன்று.

உயிரியலைத் தமிழில் படித்தோம், நன்றாகவே படித்தோம். சோணையறை, இதயவறை, சதையி, இழைமணி, முண்ணாண் என்று எத்தனை அழகான சொற்கள். பின்பு மருத்துவபீடத்தின் முதல் நாள். விரிவுரையாளர் ஒரு மணித்தியாலம் பேசினார். எங்கள் கொப்பியில் விழுந்தது தலைப்பு மட்டும். சிங்களப் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பார்கள், வாள் என்று அர்த்தம். அந்த வாள் அவர்களையும் எங்களையும் பேதம் பாராமல் வெட்டியது. கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளோடு எங்களுக்கு வந்த முதல் சிநேகம் அந்த வெட்டுக் காயத்தால் வந்ததுதான்.

இலங்கையில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த காலம் ஒன்றும் இருந்தது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மாணவரைப் பயிற்றி, உடற்கூறு முதலான நூல்களைத் தமிழாக்கி, 1860களிலிருந்து வகுப்பையே தமிழில் நடத்தினார். 1870இல் கொழும்பில் தொடங்கிய அரசாங்க மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்தில் நடந்தது. நாட்டின் வழக்கமாக நிலைத்தது அதுவே. கிறீன் வைத்த சொற்கள் புத்தகங்களில் தங்கிவிட்டன.

இனிப் பரீட்சைக்கு வருவோம். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்கென்று கேம்பிரிட்ஜ் தன் முதலாவது தேர்ச்சிப் பரீட்சையை 1913இல் நடத்தியது. தோற்றியவர்கள் மூன்று பேர். மூவரும் சித்தியடையவில்லை. எங்கள் மூவருக்கும் இதை விட ஆறுதலான வரலாறு கிடையாது. ஏனென்றால், விசேட வைத்தியப் பயிற்சியின் கடைசிக் கட்டமான வெளிநாட்டு வருடத்துக்காக நாங்களும் ஐ.ஈ.எல்.ரி.எஸ். எழுத வேண்டி வந்தபோது, ஒருத்திக்கு வாசிப்பில் ஆறரைதான் கிடைத்தது. பிரித்தானிய மருத்துவப் பேரவை 2014இலிருந்து கேட்பது மொத்தத்தில் ஏழரை, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது ஏழு. பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். பத்து வருடம் ஆங்கிலத்திலேயே மருத்துவம் படித்தவளுக்கு ஆறரையா என்று அன்று அழுதோம். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், நித்திரையில்லாத கண்ணோடு எழுதியதால் வந்தது என்று சமாதானமும் சொல்லிக்கொண்டோம். பிறகு ஆறுதலாக இருந்து பிழைகளை ஆராய்ந்தபோதுதான் காரணம் விளங்கியது.

வாசிப்புப் பகுதி ஒரு மணித்தியாலம். மூன்று நீண்ட பந்திகள், நாற்பது வினாக்கள். நாற்பதில் முப்பதளவு சரி வந்தால் ஏழு. கேட்டல் பகுதியின் எழுத்துத் தாளில் விடைகளைப் பெயர்த்தெழுதப் பத்து நிமிடம் மேலதிகமாகத் தருவார்கள், வாசிப்பில் தரமாட்டார்கள். அது தெரியாமல் புள்ளியைப் பறிகொடுத்தவர்கள் பலர். இன்னொரு பொறி, ஒரு கூற்றைக் கொடுத்து 'சரி, பிழை, சொல்லப்படவில்லை' என்ற மூன்றில் ஒன்றைக் கேட்பது. கொசுவைப் பற்றிய பந்தி ஒன்று பயிற்சிக்கு வந்தது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும் என்பது கூற்று. நாங்கள் மூவரும் கண்ணை மூடிக்கொண்டு 'சரி' என்றோம். உலகத்தில் அது சரிதான், ஆனால் பந்தியில் அப்படி ஒரு வரியே இல்லை. விடை 'சொல்லப்படவில்லை'. எங்களைத் தோற்கடித்தது எங்கள் படிப்பு. பாடமாக்கியதை நினைவிலிருந்து எழுதியே பரீட்சை வென்ற பரம்பரை நாங்கள். தாளில் இருப்பதை மட்டும் வாசி என்றால் கை நடுங்குகிறது. வார்ட்டிலும் இதே பிழையை விடுகிறோமோ, நோயாளி சொல்லாததைச் சொன்னதாக எழுதிவிடுகிறோமோ என்று அன்றைக்கு ஒரு பயம் பிடித்தது. இன்றைக்கும் அது முழுதாக விடவில்லை.

சொற்களிலும் அதே விளையாட்டு. மருத்துவச் சொல் எங்களை ஏமாற்றவில்லை. சாதாரணச் சொல்தான் ஏமாற்றியது. 'தியேட்டர்' என்றால் எங்களுக்குச் சத்திரசிகிச்சைக் கூடம், 'லேபர்' என்றால் பிரசவம், 'கல்ச்சர்' என்றால் கிருமி வளர்க்கும் தட்டு. பந்தியில் வந்ததோ நாடகமும் தொழிலாளரும் பண்பாடும். 'வெயராஸ்', 'டிஸ்பைட்', 'நெவதலெஸ்' போன்றவை ஒரு வசனத்தின் போக்கையே திருப்பிவிடும். அவற்றை நாங்கள் கண்டதுண்டு, நின்று பார்த்ததில்லை.

தங்கைமார் கேட்கும் லிஸ்ட் இருக்கிறது, ஒளிப்பானேன். நியூசிலாந்தின் வெலிங்டனில் அவரில் கொக்ஸ்ஹெட் என்ற பெண் ஆய்வாளர் கல்வி எழுத்துகளைத் துருவி, 570 சொற்குடும்பங்களைக் கொண்ட பட்டியலை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். மேலே சொன்ன மூன்று சொற்களும் அதில் உண்டு. அதற்கு முந்தியது மைக்கல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட, ஏறக்குறைய 2000 அடிப்படைச் சொற்களின் பட்டியல். இந்த வெஸ்ட் சீமையில் இருந்து யோசித்தவரல்லர். டாக்காவில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தவர். பேச்சிலும் இலக்கணத்திலும் தொடங்கிப் பாதியில் பள்ளியை விட்டுப் போகும் வங்காளப் பிள்ளைக்கு எதுவும் மிஞ்சுவதில்லை, வாசிக்கத் தெரிந்தால் அதையாவது கொண்டு போவான் என்பது அவர் கண்டது. அதற்காகவே அரிதான சொற்களைக் களைந்து, புதுச் சொற்களை இடைவெளி விட்டுத் தூவிய வாசிப்பு நூல்களை எழுதினார். நூறு சொல்லுக்கு இரண்டுக்கு மேல் தெரியாத சொல் இருந்தால் துணையின்றி வாசித்து விளங்குவது கஷ்டம் என்று பின்வந்த ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். அப்படியானால் பட்டியல் ஒரு கைத்தடி. நடக்க வேண்டியது வாசிப்பில்தான்.

ஆறரை எடுத்தவள் செய்தது இவ்வளவுதான். பயிற்சித் தாள்களை மூடினாள். மூன்று மாதம், கடமை முடிந்து குவாட்டர்சுக்கு வந்ததும், அரை மணித்தியாலம் ஆங்கிலத்தில் எதையாவது வாசித்தாள். மருத்துவம் மட்டும் கூடாது என்பது நிபந்தனை. துப்பறியும் கதை, தோட்டக்கலை, பழைய சஞ்சிகை, எதுவும். தெரியாத சொல்லைத் தனியாக எழுதாமல் அது வந்த வசனத்தோடு எழுதினாள். கடைசி இரண்டு கிழமைதான் மணிக்கூட்டை வைத்துத் தாள் செய்தாள். எட்டு வந்தது. இப்போது வைத்தியர்களுக்கும் தாதியருக்குமென அவுஸ்திரேலியாவில் உருவான ஓ.ஈ.ரி. பரீட்சையும் உண்டு. 2018இலிருந்து பிரித்தானிய மருத்துவப் பேரவை அதையும் ஏற்கிறது. அதில் எழுதுவது பெரும்பாலும் நோயாளியை அனுப்பும் கடிதம் என்பதால் எங்கள் துறையினருக்கு மனம் கொஞ்சம் இலேசாகும். ஆனாலும் நிதானமாக வாசிக்கத் தெரியாதவரை அதுவும் காப்பாற்றாது.

2022இல் நாடு கவிழ்ந்தபோது, அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போக அரசாங்கமே அனுமதி கொடுத்தது. அந்த வருடத்துக்குப் பின்தான் பஸ் நிலையத்துக் கேள்விகள் பெருகின. எங்கள் மூவரில் ஒருத்தி போய்விட்டாள். போகாதே என்று நாங்கள் சொல்லவில்லை, சொல்ல எங்களுக்கு உரிமையுமில்லை. அவள் அனுப்பும் காசில் ஒரு வீடு நிமிர்ந்திருக்கிறது. ஆனால் அவள் பார்த்த கிளினிக் நாளில் இப்போது வரிசை இரண்டு மடங்கு நீளம்.

அந்த வரிசையில் சென்ற மாதம் வயதான உம்மா ஒருவர் கேட்டார். "புள்ள, இந்தச் சீனி வருத்தம் உடம்புல எந்த இடத்தால வருது?" பங்கிரியாஸ் என்று வாய் வரை வந்தது. அதற்குத் தமிழ்ச் சொல் உடனே வரவில்லை. பதினெட்டு வயதில் படம் வரைந்து பெயரிட்ட சொல். வயிற்றில் கை வைத்துக் காட்டி, இரைப்பைக்குப் பின்னால் ஒரு சதைத்துண்டு என்று சொல்லி அனுப்பினோம். உம்மா வாசலைத் தாண்டிய பிறகு வந்தது, சதையி. அடுத்த கிளினிக்கில் அவருக்குச் சொல்லத் துண்டில் எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறோம்.

வெளிநாட்டில் இருந்து இம்மலரை வாசிக்கும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு விண்ணப்பம். பாடசாலை நூலகத்துக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். பயிற்சிக் கையேடுகளை அனுப்பாதீர்கள். அவை போதுமான அளவு சேர்ந்துவிட்டன, பாதியில் விடைகள் பென்சிலால் எழுதப்பட்டும் இருக்கின்றன. உங்கள் பிள்ளைகள் வாசித்து முடித்த கதைப் புத்தகங்களை அனுப்புங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை தனியாக வாசிக்கக்கூடியவை என்றால் மிக நல்லது. தமிழ்ப் புத்தகங்களையும் அதே பெட்டிக்குள் வைக்கலாம், தபாற்செலவு மிச்சம்.