ஜாலான் புசாரின் மரையாணிகள்

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசார் வட்டாரம் நெடுங்காலமாக இரும்புச் சாமான், வண்டி உதிரிபாகக் கடைகளுக்குப் பேர்போனது. அருகே 1930களில் உருவான சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில், போருக்குப் பின் பிரிட்டிஷ் ராணுவம் கழித்த சாமான்களும் விலைபோயின. அந்தச் சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடப்பட்டது. பி.எஸ்.ஏ., டிரையம்ப் போன்ற பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களுக்கு அங்குல மரை. பின்னர் வந்து குவிந்த ஹோண்டா, யமஹாவுக்கு மில்லிமீட்டர் மரை. வம்பே இங்குதான். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ.; மில்லிமீட்டர் வகை எம்8 போல்ட்டின் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மாற்றிப் போட்டால் ஓரிரு சுற்று இறங்கி இறுகும். ஸ்பானரால் நெருக்கினால் சிலிண்டர் ஹெட்டின் அலுமினிய மரை உரிந்துவிடும். சைலன்சர் குழாயை மாற்றுவோர் பழைய போல்ட்டையே மாதிரிக்குக் கொண்டுபோவது நல்லது. துருப்பிடிக்காத எஃகு போல்ட் பளபளக்கும், சூட்டில் கவ்வியும் கொள்ளும். செம்புப் பசை தடவியே முடுக்க வேண்டும்.