மறைந்துபோன அகராதியும் நம் வீட்டுப் பரண்களும்



தவக்காலம் தோறும் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கக் கேட்டுக் கண் கலங்குகிறோம். அதை எழுதியவர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. இலங்கையில் மறைப்பணி ஆற்றிய கோவா நாட்டுக் குருவான யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் (1676–1742) அதன் ஆசிரியர். அங்கே நூல் நிலைத்தது, பெயர் மறைந்தது. நூலும் பெயரும் சேர்ந்தே மறைந்த கதை ஒன்று நம் பழைய மதுரை மிஷனில் உண்டு.

தத்துவ போதகரையும் வீரமாமுனிவரையும் அறியாதவர் நம்மில் யார்? இவ்விருவர் காலத்துக்கும் இடையில் இதே மிஷனில் உழைத்தவர் அந்தாம் தெ புரோயென்சா என்னும் போர்த்துக்கீசிய சேசு சபைக் குரு. ஊர் ஊராய் நடந்து, மக்கள் பேசும் சொற்களைக் கேட்டுக் கேட்டு, போர்த்துக்கீசிய மொழியில் பொருள் எழுதினார். பண்டிதர் நாவில் வழங்கிய சொல்லோடு, சந்தையிலும் வயலிலும் புழங்கிய சொல்லும் அதில் இடம் பெற்றது. 16,000-க்கும் மேற்பட்ட சொற்கள்! அச்சு ஏறிய நூலைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1666-ல் காவிரிக் கரைத் தொட்டியத்தில் காலமானார். 13 ஆண்டுகள் கழித்து, 1679-ல், கேரளத்து அம்பழக்காட்டில் அந்த அகராதி அச்சாயிற்று.

பிறகு அது நம் நாட்டில் பேச்சற்றுப் போயிற்று. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732-ல் எழுந்தது. தமிழுக்குத் தமிழில் பொருள் சொல்லும் அதன் சிறப்பு குறையாது. ஆனால் அதற்கு 53 ஆண்டுகளுக்கு முன்பே அகர வரிசையில் ஓர் அகராதி அச்சாகியிருந்தது என்பதைக் குருமடத்தில் படித்த நாளில் நானும் அறியேன்.

தேடிக் கண்டவர் தனிநாயகம் அடிகளார். 1954-ல் உரோமையில் வத்திக்கான் நூலகத்தில் அதன் பிரதியைக் கண்டார். கண்டதோடு நிற்கவில்லை, 12 ஆண்டுகள் விடாமல் முயன்று, 1966-ல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாக அதை மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். அவர் அதே நூலகத்தில் கண்ட மற்றொன்று, அண்டிரிக் அடிகளார் 1586-ல் அச்சிட்ட அடியார் வரலாறு. அதை 1967-ல் தூத்துக்குடியில் மறுபதிப்புச் செய்தவர் இராசமாணிக்கம் அடிகளார்.

மதுரைச் சீமையில் பிறந்த நூலை உரோமையில் தேட வேண்டியதாயிற்று. இங்கே கறையானும் ஆடிப் பெருக்கும் எத்தனை சுவடிகளைத் தின்றனவோ! நாமும் சளைத்தவர்கள் அல்ல. ஆலயத்துக்கு வெள்ளை அடிக்கும்போது பழைய ஜெபப் புத்தகங்களைக் குப்பையோடு கொளுத்தியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்று நான் சின்னப் பையன். அந்த நெருப்பில் குளிர் காய்ந்தவர்களில் நானும் ஒருவன்.

ஜூபிலியை முன்னிட்டு ஒரு விண்ணப்பம். உபதேசியார் குடும்பங்களிலும், பாஸ்கா நாடகம் போட்ட அண்ணாவியார் வீடுகளிலும் கையெழுத்து நோட்டுகள், ஏடுகள் இருக்கக்கூடும். பங்கு இல்லத்துக்குக் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு உங்களிடமே திருப்பித் தருவேன். முன்பக்கம் கிழிந்து, எழுதியவர் பெயர் இல்லாது போனாலும் பாதகமில்லை.