24.8 ஹெச்.பி. பிறந்த கதை

அமெரிக்காவில் சிறு டிராக்டர் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்குகிறவர் கண்ணில் இது படாமல் போகாது. குபோட்டா எல்2501-க்கு 24.8 ஹெச்.பி.; ஜான் டீர் 3025இ-க்கு 24.7. வேறு வேறு கம்பெனி, வேறு வேறு எஞ்சின். ஆனாலும் இரண்டும் 25-ஐத் தொடாமல் வாசற்படியிலேயே நின்றுவிடுகின்றன.

இந்த எண் உழவில் பிறந்ததல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2004-ல் வெளியிட்ட ‘டியர் 4’ புகை விதியில் பிறந்தது. 19 கிலோவாட்டுக்குக் குறைந்த டீசல் எஞ்சின், ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு 0.40 கிராம் வரை கரித்துகள் விடலாம். 19-லிருந்து 37-க்குள் இருந்தால் 2013 முதல் வெறும் 0.03 கிராம். அந்த 19 கிலோவாட்தான் ஏறக்குறைய 25 ஹெச்.பி. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் போதும், பழைய மெக்கானிக்கல் பம்ப்போடே வண்டியை விற்கலாம். ஆகவே 1.6 லிட்டர் எஞ்சினை அடக்கி வாசிக்க வைத்து 24.8-ல் நிறுத்தினார்கள். குபோட்டாவின் 33 ஹெச்.பி. எல்3301-க்கு மாட்டும் அதே லோடரைத்தான் எல்2501-க்கும் மாட்டினார்கள். லோடரால் மண் அள்ளும்போது வித்தியாசம் அதிகம் தெரியாது, பி.டி.ஓ.வில், அதாவது கருவிகளைச் சுழற்றும் தண்டில், அகலமான புல்வெட்டியைப் பூட்டி மேடேறும்போது தெரியும்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் மின்னணுக் கட்டுப்பாட்டில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் எஞ்சின், கூடவே புகைக்குழாயில் பீங்கான் வடிகட்டி. அதில் கரி சேரச் சேர, வண்டியே கூடுதல் டீசலைச் செலவழித்து ஏறக்குறைய 600 டிகிரி வரை சூடேற்றி எரித்துத் தள்ளும். அந்த நேரத்தில் எஞ்சின் வேகத்தை ஏற்றி வைக்க வேண்டும். காய்ந்த புல்மேல் நிறுத்தக் கூடாது. பாதியில் சாவியைத் திருப்பி அணைக்கக் கூடாது. நாள் முழுக்க முழு மூச்சில் உழைக்கிற வண்டிக்கு இது பாரமே இல்லை. பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துகிறவருக்குத்தான் வடிகட்டி அடைத்துக்கொண்டே இருக்கும்.

அதனால் ‘25-க்குள் வாங்கு, தொல்லையில்லை’ என்கிறார்கள். திறந்த வெளியில் அவ்வப்போது சிறு வேலை செய்கிறவருக்கு நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் வகைப்படுத்தியது. சிறு டிராக்டரில் உட்கார்ந்தால் எஞ்சின் கைக்கெட்டும் தூரத்தில். பனிக்காலத்தில் கதவைச் சாத்திய தொழுவத்துக்குள் முன்னும் பின்னும் ஓட்டிச் சாணம் அள்ளுகிறவர், வடிகட்டி உள்ள வண்டியைத்தான் எடுக்க வேண்டும். கரியை எரிக்க வேண்டிய நேரம் வரும்போது அதை வெளியே கொண்டுபோய், எரித்து முடிக்கும்வரை ஓடவிட்டால் போதும்.