பொட்டியும் நாற்காலியும்

“அந்தப் பொட்டி முன்னாடியே குந்திக்கிட்டிருந்தா வயித்துல எப்படித் தங்கும்?”

2004ஆம் ஆண்டு, பத்து வாரக் கரு கலைந்து, விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையிலிருந்து நான் வீடு திரும்பிய அன்று என் மாமியார் கேட்ட கேள்வி இது. பொட்டி என்று அவர் சொன்னது, முகையூரில் நான் வேலை பார்த்த டிடிபி கடையின் கம்ப்யூட்டர் மானிட்டரை. டாக்டரம்மா காரணம் எதுவும் சொல்லவில்லை. “சில நேரம் இப்படி ஆகும்மா” என்றார். காரணம் சொல்லப்படாத இடத்தில் என் வேலை வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த வாரமே கடையிலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. பொட்டிதான் காரணம் என்று நானும் நம்பினேன்.

தட்டச்சு லோயர், ஹையர் முடித்துவிட்டு அரசு வேலைக்குக் காத்திருந்த எத்தனையோ பெண்களில் நானும் ஒருத்தி. டைப்ரைட்டரில் பழகிய விரல்கள் அப்படியே கம்ப்யூட்டருக்கு மாறின. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், தாலுகா அலுவலகத்துக்கு மனு. காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 7 மணிக்குத்தான் எழுந்திருப்பேன். எதிரே 17 அங்குல மானிட்டர். முன்பக்கம் தொலைக்காட்சி மாதிரி, பின்பக்கம் உரல் மாதிரி. சித்திரை வெயிலில் அதன் முதுகிலிருந்து அடுப்பு போல அனல் வரும். துடைக்கக் கை வைத்தால் கை முடியெல்லாம் கண்ணாடியை நோக்கிச் சிலிர்த்து நிற்கும். இரவு கண்ணை மூடினாலும் உள்ளே வெள்ளை வெளிச்சம் துடித்துக்கொண்டே இருக்கும்.

அந்தத் துடிப்புக்கு ஒரு காரணம் உண்டு. கேத்தோடு கதிர்க்குழாய் என்று பாடப்புத்தகம் சொல்லும் சிஆர்டி அது. ஜெர்மனியின் பெர்டினாண்ட் பிரவுன் 1897இல் உருவாக்கிய குழாயின் வாரிசு. பின்பக்கக் கழுத்திலிருந்து பாயும் எலெக்ட்ரான்கள், 25,000 வோல்ட் அளவிலான மின்னழுத்தத்தில் முன்கண்ணாடியின் பூச்சில் மோதி ஒளிரவைக்கும். நொடிக்கு 60 முறை திரை முழுவதும் இப்படி வரையப்பட்டால் பலருக்குக் கண் கூசும். 85 முறை என்று மாற்றினால் கூச்சம் பெருமளவு குறைந்துவிடும். பெரும்பாலான மானிட்டர்களில் அதற்கு நாலு கிளிக் போதும். அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வயிற்றைப் பற்றிச் சொல்ல ஊரில் எல்லோரும் இருந்தார்கள். கண்ணைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் இல்லை.

பல ஆண்டுகள் கழித்து, அந்தப் பொட்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் என் மாமியாரின் கேள்வி முகையூரில் பிறந்ததல்ல என்று தெரிந்தது. அதே கேள்வியை எனக்கு 24 ஆண்டுகள் முன்பே, கனடாவில் என்னைப் போல் தட்டச்சு செய்த பெண்கள் கேட்டிருக்கிறார்கள்.

டொரன்டோ ஸ்டார் நாளிதழின் வரி விளம்பரப் பிரிவில் திரை முன் வேலை பார்த்த ஏழு பெண்கள் அடுத்தடுத்துக் குழந்தை பெற்றார்கள். அவர்களில் நால்வரின் குழந்தைகள் உடல் குறைபாட்டுடன் பிறந்தன. 1980இல் செய்தி வெளியே வந்தது. வேறு சில அலுவலகங்களிலிருந்தும் கருச்சிதைவுச் செய்திகள் வரத் தொடங்கின. 1973இல் பாஸ்டன் நகர அலுவலகப் பெண்கள் தொடங்கிய ‘நைன் டு ஃபைவ்’ என்ற அமைப்பும் பல தொழிற்சங்கங்களும் இதைக் கையில் எடுத்தன. அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? திரையைச் சோதித்துப் பாருங்கள். கர்ப்பிணிக்குச் சம்பளம் குறையாமல் வேறு வேலை கொடுங்கள். இடைவேளை கொடுங்கள். உயரம் மாற்றக்கூடிய நாற்காலி கொடுங்கள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஊர்களிலும் ஒரே பயம். அங்கே பெண்கள் அதைச் சேர்ந்து பேசினார்கள், அது முதலாளியிடம் வைக்கும் கோரிக்கையானது. இங்கே நான் ஒருத்தியாக இருந்தேன், அது என்னை வீட்டில் உட்கார வைக்கும் காரணமானது.

விஞ்ஞானம் என்ன சொன்னது? 1988இல் கலிபோர்னியாவில் 1,583 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்த ஆய்வு, வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் திரை முன் வேலை செய்தவர்களிடம் கருச்சிதைவு கூடுதலாக இருப்பதாகச் சொன்னது. ஆனால் காரணம் திரையா, அந்த வேலையின் நெருக்கடியா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1991இல் அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தெளிவான ஒப்பீட்டை வெளியிட்டது. ஒரே மாதிரி வேலை செய்த தொலைபேசி ஆபரேட்டர்கள் இரண்டு குழுக்கள். ஒரு குழுவின் முன் சிஆர்டி திரை. இன்னொரு குழுவின் முன் கதிர்க்குழாய் இல்லாத வேறு வகைத் திரை. 730 பெண்கள், 876 கர்ப்பங்கள். சிஆர்டியால் கருச்சிதைவு கூடவில்லை என்பது முடிவு.

உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துபோகின்றன. தொடக்க மாதங்களில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. அதில் யாருடைய தவறும் இல்லை. நான் பழி சுமந்த 2004இல் அந்த ஆய்வுக்கு 13 வயது. அது முகையூருக்கு வந்து சேரவில்லை, பயம் மட்டும் வந்து சேர்ந்திருந்தது.

அப்படியென்றால் அந்தப் பெண்கள் கேட்டது வீணா? இல்லை. அவர்கள் கிளப்பிய கேள்வியால்தான் திரைகள் சோதிக்கப்பட்டன. சுவீடனில் அலுவலக ஊழியர்களின் தொழிற்சங்கக் கூட்டமைப்பான டிசிஓ, 1992இல் மானிட்டர்களுக்கென்று ஒரு தர முத்திரையைக் கொண்டுவந்தது. மின்காந்தப் புலம் இந்த அளவைத் தாண்டக் கூடாது, வேலை இல்லாதபோது தானாக மின்சாரத்தைக் குறைக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை. முத்திரை இருந்தால்தான் வாங்குவோம் என்று அலுவலகங்கள் சொல்லத் தொடங்கியதும், உலகச் சந்தைக்கான மானிட்டர்களை அதற்கேற்றபடி நிறுவனங்கள் செய்தன. 1999இல் நிபந்தனைகள் இன்னும் கூடின.

என் கடை மானிட்டரின் ஓரத்தில் ‘டிசிஓ 99’ என்று ஒரு ஸ்டிக்கர் இருந்தது. தினமும் காலையில் துணியால் அதைத் துடைத்திருக்கிறேன். கம்பெனிக்காரன் ஒட்டிய ஏதோ ஒன்று என்றுதான் நினைத்தேன். அது திரை முன் உட்கார்ந்தவர்கள் சங்கமாகச் சேர்ந்து வாங்கிய ரசீது. எந்தப் பொட்டியைக் காட்டி என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்களோ, அதன் நெற்றியிலேயே அந்தப் பயத்துக்கான பதில் ஒட்டியிருந்தது.

நாற்காலி விஷயத்தில் மட்டும் வெற்றி எளிதாக வரவில்லை. 1990 டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோ நகரம் திரை முன் வேலை செய்வோருக்காக ஒரு சட்டம் இயற்றியது. சரிசெய்யக்கூடிய நாற்காலி, சரியான வெளிச்சம், இடைவேளை அல்லது மாற்று வேலை. 1992இல் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. திரையை மாற்றுவது ஒருமுறைச் செலவு. இடைவேளை என்பது தினமும் கொடுக்க வேண்டியது.

இரண்டு வருடம் கழித்து நான் அதே கடைக்குத் திரும்பினேன், வீட்டில் பணம் தேவைப்பட்டதால். பொட்டியைப் பற்றிய பேச்சு அப்போது எழவில்லை. 2012இல்தான் எங்கள் கடைக்குத் தட்டைத் திரை வந்தது. நாள் பாதி கரண்ட் இல்லாத காலம் அது. பழைய மானிட்டர் 75 வாட் இழுத்தால் எல்சிடி 25 வாட் இழுக்கும். பத்து நிமிடம் தாங்கிய யுபிஎஸ் கால் மணி நேரம் தாங்கும். முதலாளி அண்ணா இந்தக் கணக்கைப் போட்டுத்தான் வாங்கினார். என் கண் அந்தக் கணக்கில் இல்லை. ஆனாலும் பலன் எனக்கும் கிடைத்தது. அனல் நின்றது. துடிப்பு நின்றது. மேசையில் சாப்பாட்டு டப்பா வைக்க இடம் வந்தது. பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் அப்படியே இருந்தது, அதன் மேல் நான் மடித்துப் போட்ட பழைய புடவையோடு.

கழற்றிய மானிட்டர்களைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போனார். அது எங்கே போனது என்று அன்று நான் கேட்கவில்லை. இன்று கேட்கிறேன். கதிர்க்குழாய்க்குள் எலெக்ட்ரான்கள் மோதும்போது சிறிதளவு எக்ஸ்ரே உண்டாகும். அது வெளியே வராமலிருக்கக் கண்ணாடியிலேயே ஈயம் கலந்தார்கள். பின்பக்கப் புனல் கண்ணாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈயம். பொட்டியைச் சுற்றி இருந்தவர்களைக் காத்தது அந்த ஈயம். செம்புக் கம்பிச் சுருளுக்காக அதே குழாயை வெறும் கையால் உடைக்கும்போது ஈயம் கலந்த தூசு உடைப்பவரின் மூச்சில் போகிறது. ஈயம் கருவைப் பாதிக்கும் என்பதில் மருத்துவத்துக்குச் சந்தேகமே இல்லை. நாட்டில் மின்கழிவுக்கான விதிகள் 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆனால் டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில் மின்கழிவைப் பிரிக்கும் கைகளில் பெண்களின் கைகளும் இருக்கின்றன. அவர்களிடம் யாரும் “வயித்துல எப்படித் தங்கும்?” என்று கேட்டு வேலையை நிறுத்துவதில்லை. கௌரவமான மேசை வேலைக்குப் போகிறவளிடம்தான் அந்த அக்கறை பொங்குகிறது.

செய்யும் இடத்திலும் இதே கதைதான். அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 1970இல் தைவானின் தாவோயுவானில் தொலைக்காட்சி உதிரிபாகத் தொழிற்சாலை தொடங்கியது. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். சுத்தம் செய்யப் பயன்படுத்திய கரைப்பான்கள் நிலத்தடி நீரில் கலந்தன. 1992இல் தொழிற்சாலை மூடப்பட்டது, அதன்பின் பலருக்குப் புற்றுநோய். பல ஆண்டு வழக்குக்குப் பின் 2015இல் தைபே மாவட்ட நீதிமன்றம் தொழிலாளர்களுக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது. சரி, தட்டைத் திரையாவது சுத்தமா? 2017இல் தென்கொரிய உச்ச நீதிமன்றம், சாம்சங்கின் எல்சிடி தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் நரம்பு நோயைத் தொழில்சார் நோயாக ஏற்றது. பணியிடத் தகவல்களை நிறுவனமும் அரசும் தர மறுத்தால், ஆதாரம் போதவில்லை என்று தொழிலாளியைத் தண்டிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

கவனித்துப் பாருங்கள் தோழிகளே. எங்கே ஆதாரம் இருந்ததோ அங்கே பெண்கள் ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார்கள். எங்கே ஆதாரமே இல்லையோ அங்கே ஒரே நாளில் என் வேலை போனது. பெண்ணின் உடல்நலம் என்ற ஒரே சொல், சம்பளத்தைப் பறிக்க வேண்டுமானால் உடனே செல்லுபடியாகிறது. செலவு செய்ய வேண்டுமானால் இன்னும் ஆய்வு தேவைப்படுகிறது.

இப்போது முகையூரில் எனக்குச் சொந்தமாகவே ஒரு கடை இருக்கிறது. மூன்று தட்டைத் திரைகள். இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். போன வருடம் அவர்களில் ஒருத்தி ஐந்தாவது மாதத்தில் இருந்தாள். “அக்கா, இந்த வெளிச்சம் குழந்தைக்கு ஆகாதுன்னு வீட்ல சொல்றாங்க” என்றாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் உட்கார வைத்துச் சொன்னேன். 1991 ஆய்வைச் சொன்னேன், டிசிஓ முத்திரையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள். “அதில்லக்கா, எனக்கு இடுப்புதான் வலிக்குது.”

அவள் உட்கார்ந்திருந்தது பிளாஸ்டிக் நாற்காலி. திரை வாங்க ஆயிரக்கணக்கில் கொடுத்தவள் நான்தான். நாற்காலியை யோசிக்காதவளும் நான்தான்.

அந்த வாரமே விழுப்புரம் போய் உயரம் மாற்றக்கூடிய இரண்டு நாற்காலிகள் வாங்கி வந்தேன். மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எழுந்து நடக்க வேண்டும் என்பதைக் கடை விதியாக்கினேன். கல்யாண சீசனில் அந்த ஐந்து நிமிடம் எனக்கே உறுத்துகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. சில நாள் “இதை முடிச்சிட்டு எழுந்திரும்மா” என்று சொல்லியும் விடுகிறேன். அப்போதெல்லாம் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சேர்ந்தே எழுந்துவிடுகிறார்கள்.