மந்தணம்: வெளிவராத படமும் ஒரு பழைய வழக்கும்

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ‘மந்தணம்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மந்தணக் கடிதம் இரண்டு உறைகளுக்குள் போகும். உள் உறையில் ‘மந்தணம்’ என்று எழுதி அரக்கு வைப்போம். வெளி உறையில் முகவரி மட்டும் இருக்கும். தபால் பிரிவில் இருப்பவர் வெளி உறையைப் பிரிக்கலாம்; உள் உறையைத் தொடக்கூடாது.

இந்தச் சொல்லின் பொருள் இப்போது நம் பிள்ளைகளின் வேலைக்கும் வந்துவிட்டது. எங்கள் தெருப் பையன் ஒருவன் பெங்களூரில், வெளிவராத வீடியோ கேம்களை விளையாடிப் பார்த்துக் குறை சொல்லும் வேலையில் இருக்கிறான். லீவில் வந்தவனிடம் அவன் அம்மா, “அப்படி என்னடா வேலை, கொஞ்சம் காட்டேன்” என்றார். “காட்டக்கூடாதும்மா. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். வெளியே போனா வேலையும் போயிரும், கேஸும் வரும்” என்றான் அவன். அந்த அம்மா என்னிடம் திரும்பி, “ஏன் அய்யா, ஒரு விளையாட்டுக்கா கேஸு?” என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இதற்கு வேர் 1849-இல் இருக்கிறது. விக்டோரியா மகாராணியும் கணவர் ஆல்பர்ட் இளவரசரும் பொழுதுபோக்காகச் செப்புத் தகட்டில் படங்கள் செதுக்குவார்கள். நெருங்கியவர்களுக்கு மட்டும் காட்டுவதற்காக வரைந்தவை அவை. தகடுகளை அச்செடுக்க விண்ட்சரில் ஓர் அச்சகத்தாரிடம் கொடுத்தார்கள். அங்கே வேலை பார்த்த ஒருவர் கூடுதல் பிரதிகள் எடுத்து வைத்துக்கொண்டார். அவை கைமாறி, ஸ்ட்ரேஞ்ச் என்ற பதிப்பாளர் வரை போயின. அவர் கண்காட்சி நடத்தவும் படங்களின் விவரப் பட்டியல் வெளியிடவும் ஏற்பாடு செய்தார். இளவரசர் வழக்குப் போட்டார்.

நான் திருடவில்லை, நேர்மையாகத்தான் வாங்கினேன் என்பது ஸ்ட்ரேஞ்சின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. நம்பிக்கையை மீறி வெளியே வந்த பொருள், எத்தனை கை மாறினாலும் அந்தக் குற்றத்தின் கறையோடுதான் வரும் என்ற கருத்தில் தடை விதித்தது. படங்களுக்கு மட்டுமல்ல, அவற்றை வர்ணிக்கும் பட்டியலுக்கும் தடை. நம் நாட்டு நீதிமன்றங்களும் மந்தணம் பற்றிய வழக்குகளில் பின்பற்றும் கொள்கை இதுதான்.

நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆகவே பிரான்சு நாட்டுக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கமுவான் என்ற ஓவியர் 1914-இல் தமக்குப் பிடிக்காத தம் ஓவியங்களைக் கிழித்துக் குப்பையில் போட்டார். குப்பை பொறுக்குபவர் எடுத்து விற்க, யாரோ ஒட்டுப்போட்டு, பல ஆண்டுகள் கழித்து அவை விற்பனைக்கு வந்தன. ஓவியர் வழக்குப் போட்டு, 1931-இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் வென்றார். துணி யார் கையில் இருந்தாலும், படைப்பை உலகுக்குக் காட்டலாமா என்று முடிவு செய்பவர் படைத்தவர்தான். இந்த உரிமையை 1957 மார்ச்சில் பிரான்சு சட்டமாகவே எழுதிவைத்தது. அதே 1957-இல்தான் நம் பதிப்புரிமைச் சட்டமும் வந்தது. கணினி நிரல் அதற்குள் சேர்ந்தது 1984 திருத்தத்தில்.

நம் பக்கத்து நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 2013 செப்டம்பரில் ‘அத்தாரிண்டிகி தாரேதி’ என்ற தெலுங்குப் படத்தின் முதல் பாதி, திரைக்கு வருமுன்பே இணையத்திலும் குறுந்தகட்டுக் கடையிலும் வந்துவிட்டது. கைதானவர்களில் தயாரிப்பு உதவியாளர் ஒருவரும், காவலர் ஒருவரும் இருந்தார்கள். அக்டோபரில் வரவேண்டிய படத்தை அவசரமாகச் செப்டம்பர் 27-லேயே வெளியிட்டார்கள். படம் பெரிய வெற்றி பெற்றது. ஆனாலும் வழக்கு வழக்குதான்.

2017 ஆகஸ்டில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் ஒரு பகுதி, ஒளிபரப்புக்கு முன்பே கசிந்தது. கசிந்த பிரதியில் இருந்தது ஸ்டார் இந்தியா நிறுவனத்தின் அடையாளம். மும்பையில் நால்வர் கைதானார்கள். நாம் உறையில் வைத்த அரக்கு மாதிரிதான் அந்த அடையாளம். எந்தக் கை வழியாகப் போனது என்று காட்டிக்கொடுத்துவிட்டது. 2021 பொங்கலுக்கு வந்த ‘மாஸ்டர்’ படத்தின் காட்சிகளும் வெளியீட்டுக்கு முன் செல்போன்களில் சுற்றின. பகிர வேண்டாம் என்று இயக்குநரே கேட்டுக்கொண்டார்.

வீடியோ கேமுக்கு நடந்தது 2022 செப்டம்பரில். ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ வரிசையில் அடுத்து வரவிருந்த கேமின் அரைகுறைக் காட்சிகள் சுமார் 90 துண்டுகளாக இணையத்தில் வந்தன. செய்தவன் இங்கிலாந்தில் ஓர் இளைஞன். வேறொரு வழக்கில் ஜாமீனில் ஹோட்டலில் தங்கியிருந்தபோது, அறையிலிருந்த டிவியையும் ஒரு செல்போனையும் வைத்துக்கொண்டே நிறுவனத்தின் கணினிக்குள் புகுந்திருந்தான். சரிசெய்ய 50 லட்சம் டாலரும் ஊழியர்களின் பல ஆயிரம் மணி நேரமும் ஆனதாக நிறுவனம் சொன்னது. அவன் ஆட்டிசம் உள்ளவன் என்பதால், 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவனைக் கால வரம்பில்லாமல் பாதுகாப்பான மருத்துவமனையில் வைக்க உத்தரவிட்டது. அந்தக் கேம் நிறுவனத்துக்குப் பெங்களூரிலும் ஒரு கிளை உண்டு. ஆகவே இது கடல் கடந்த கதை மட்டுமல்ல.

நம் சட்டம் என்ன சொல்கிறது? தெரிந்தே பதிப்புரிமையை மீறினால், 63-ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். அனுமதியின்றிக் கணினியிலிருந்து நேர்மையற்ற எண்ணத்தோடு நகல் எடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தை மீறியதற்கு நஷ்டஈடு தனி. தமிழ்நாட்டில் 2004 முதல் திருட்டு வீடியோக்காரர்களும் குண்டர் சட்டத்தில் வருவார்கள். ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்.

“நான் எடுக்கலையே, வந்ததை அனுப்பினேன்” என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். ஸ்ட்ரேஞ்சும் ஏறத்தாழ இதைத்தான் சொன்னார். முதலில் எடுத்தவனுக்குத் தண்டனை கூடுதலாக இருக்கலாம். அதற்காகக் கடைசியில் அனுப்பியவன் தப்பிவிட்டான் என்று ஆகாது.

பேரப்பிள்ளைகள் இந்த மாதிரி வேலையில் இருந்தால், காட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவர்கள் ஆசையாகக் காட்ட வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வெளிவராத படத்துண்டு வந்தால் குழுவுக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள். படமோ கேமோ, வெளிவந்த பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.