சோழர் காசுகள்: அடையாளம் காணுதல்

சோழர் காசுகள் 10 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை பொன், வெள்ளி, செம்பில் கையால் அச்சடிக்கப்பட்டவை. இன்று மிகுதியாகக் கிடைப்பது செம்பு, வெள்ளி அரிது. உலோக வில்லையைக் கீழ் அச்சின்மேல் வைத்து, மேல் அச்சைப் பிடித்துச் சுத்தியலால் அடிப்பார்கள். அடி சற்று விலகினாலும் பாதி எழுத்து காசின் விளிம்பைத் தாண்டிவிடும். இங்கிலாந்தின் எட்வர்டு மன்னர்களுடைய வெள்ளிப் பென்னியும் இதே முறையில் பிறந்ததுதான்.

வகைகள்

புலி வகை: குடையின்கீழ் அமர்ந்த புலி, அருகே மீன், வில். உத்தமசோழன், கங்கைகொண்டசோழன் என்ற பெயர்கள் நாகரி எழுத்தில் இருக்கும். சோழரின் கம்பீரம் முழுவதும் வெளிப்படுவது இவ்வகையில்தான்.

மன்னர் வகை: ஒருபுறம் நிற்கும் மன்னர், மறுபுறம் அமர்ந்த உருவம், அதன் கையருகே நாகரியில் 'ஸ்ரீராஜராஜ'. இதற்கு மூலம் இலங்கைக் காசு. முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகளிலேயே ஈழக்காசு பேசப்படுகிறது. பராக்கிரமபாகு, லீலாவதி முதலிய இலங்கை அரசர்களும் பின்னாளில் இவ்வகையையே அடித்தனர். ஆகவே உருவத்தை மட்டும் பார்த்து நாட்டை முடிவுசெய்யலாகாது.

பெயர்ச் சிக்கல்

பெயரும் முழுச் சான்றாகாது. ராஜராஜன் என்ற பெயரில் மூவர் ஆண்டனர். மூன்றாமவனைக் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்ததையும், போசளப் படை மீட்டதையும் கடலூரை அடுத்த திருவயிந்திரபுரம் கல்வெட்டு சொல்கிறது. எட்வர்டு பென்னியிலும் ஒரே பெயர் மூவருக்கு வருவதால், எழுத்தின் வடிவைக் கொண்டே காலம் பிரிக்கிறார்கள். நம் காசிலும் எழுத்தின் வெட்டு, உருவத்தின் செறிவு, எடை மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சேகரிப்பு

வால்டர் எலியட்டின் தென்னிந்திய நாணய நூல் (1886) இத்துறைக்கு அடித்தளம். செப்புக் காசைப் புளிபோட்டுத் தேய்ப்பது பெருங்கேடு: பச்சைக் களிம்போடு எழுத்தின் மேடும் கரைந்து, வெறும் செப்பு வில்லை மிஞ்சும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து மென்தூரிகையால் மண்ணை மட்டும் நீக்கினால் போதும். விளிம்பில் ஒட்டுக்கோடும் பரப்பில் நுண்குமிழும் தெரிந்தால் அது வார்த்தெடுத்த போலி. கிடைத்த இடத்தைக் குறித்துவைக்காத காசு பாதி வரலாற்றை இழந்த காசு.

இன்று

மண்ணில் புதைந்து கிடைக்கும் 10 ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலை, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்.